உன் போனுக்கு வந்த என் செய்தி

என்னை விட்டிட்டுப் போன என் ஆசை மச்சான் அந்தோனி,

செத்துப்போன ஆளோடு கோபமாக இருக்கலாமா என்று பாதரிடம் கேட்டேன். "கோபமோ, பொறாமையோ, சூசை?" என்று அவர் திருப்பிக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

உன்னுடைய முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். நம் துறைமுகக் கூட்டாளி மரிசலீன் நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். உன்னைக் கண்ட நாளில் தொடங்கி உன் பெட்டியைத் தூக்கிய நாளில் முடிகிறதாம். எனக்கு எழுதவோ வாசிக்கவோ வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் உன் மகள் ரெஜினாவின் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு கதைக்கிறேன். நான் கதைக்க அது எழுதுகிறது, பிழைகளை ரெஜினா திருத்துகிறாள். "மாமா, மரிசலீன் மாமாவைப் பற்றி இவ்வளவு வேணுமோ?" என்று இப்போதே கேட்டுவிட்டாள். வேணும் என்று சொல்லிவிட்டேன்.

நடந்ததை முதலில் சொல்கிறேன். நீ பாதியைத்தான் பார்த்திருப்பாய்.

நான் ஈச்சிலம்பற்றுக்கு, என் மகள் மேரி வீட்டுக்கு, அறுவடைக்குப் போயிருந்தேன் அல்லவா? போகும்போது நீதானே வாசல் படலையில் நின்று, "வரேக்க நல்ல எருமைத் தயிர் ஒரு சட்டி கொண்டு வா, உன்ர மருமகன் கஞ்சன், நீயே வாங்கு" என்று கத்தினாய். வாங்கினேன். பஸ்ஸில் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கிண்ணியாப் பாலம் குலுக்கும் இடத்திலெல்லாம் பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நம் சந்தியில் பஸ் திரும்பும்போது உன் முகத்தைக் கண்டேன். பெரிய பனர். அதில் நீ கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, வெள்ளைக்காரத் துரை மாதிரி நிற்கிறாய். மச்சான், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். நாலு நாள் நான் ஊரில் இல்லை, அதற்குள் இவனுக்கு எதற்குப் பனர்? எலெக்‌ஷன் கேட்கிறானோ? எனக்கு ஒரு சொல் சொல்லாமல் இவன் எப்படிப் பெரிய மனிதன் ஆனான்? கப்பல் கயிறு பிடித்த கைக்கு யார் கோட்டுப் போட்டது?

பக்கத்தில் மூதூர் வியாபாரி ஒருவர் இருந்தார். "தம்பி, அதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "கண்ணீர் அஞ்சலி எண்டு போட்டிருக்கு, அப்பா. தெரிஞ்ச ஆளோ?"

அதற்குப் பிறகுதான் தெரு நெடுகக் கட்டியிருந்த வெள்ளைக்கொடிகள் என் கண்ணில் பட்டன. வெயிலில் காய்ந்து, சில ஏற்கெனவே அறுந்து தொங்கின. அதாவது எல்லாம் முடிந்துவிட்டது. உன்னை முந்தின நாளே அடக்கம் செய்துவிட்டார்கள்.

உன் வீட்டுக்குள் தயிர்ச்சட்டியோடு போனேன். கூடத்தில் நீ உட்காரும் கதிரையில் மரிசலீன் இருந்தான். அவனும் நம்மோடு துறைமுகத்தில் நின்றவன்தான், நம்மைச் சேர்ந்தவன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் கதிரையில் ஏன் இருக்க வேண்டும்?

"டேய் சூசை, இப்பதான் வாறியோ?" என்றான். "கவலைப்படாத. உன்ர இடத்தில நான் நிண்டனான். தோள் இப்பவும் நோகுது."

நோகட்டும் என்று மனத்துக்குள் சொன்னேன்.

மச்சான், நம் மரண உதவிச் சங்கத்தில் யார் செத்தாலும் பெட்டியின் தலைப்பக்கம் நாம் இரண்டு பேரும்தானே பிடிப்போம்? வலப்பக்கம் நீ, இடப்பக்கம் நான். படியில் இறங்கும்போது நீ இருமினால் நான் அடுத்த படியில் காலை வைப்பேன். வாய் திறக்கத் தேவையில்லை. உன் பெட்டிக்கு இடப்பக்கம் மரிசலீன் நின்றிருக்கிறான். உன் தலை அவன் தோளுக்குப் பக்கத்தில் போயிருக்கிறது. தயிரையும் அவன்தான் தின்றான். ரெஜினா மேசையில் வைத்தாள், நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் சட்டி பாதி. "நல்ல தயிர்" என்றான்.

எனக்கு ஏன் செய்தி வரவில்லை? அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது.

சங்கச் செயலாளர் வின்சன்ட், உனக்குத் தெரிந்ததுதான், வீட்டுக்கு வீடு போய்ச் சாவு சொல்லும் வழக்கத்தை நிறுத்திவிட்டுச் செயலி ஒன்று கொண்டுவந்தான். பொடியன்கள் ஆப் என்கிறார்கள். போனுக்குள் அதை இறக்கி வைத்தால், யாராவது காலமான உடனே அது மணி அடித்துச் சொல்லும். எல்லாருடைய போனும் ஏற்றது. மேரி கழித்துவிட்ட என் பழைய போன் மட்டும் ஏற்கவில்லை. இடம் இல்லை என்றது. இருக்கிற படங்களையெல்லாம் அழித்தபோது, போன் பழசு என்றது.

அப்போது நீ சொன்னாய். மண்டபத்தில், எல்லாருக்கும் கேட்க. "இவன்ர பேரையும் என்ர போனில போடு, வின்சன்ட். இவனுக்கு வாறதை நான் சொல்லுறன். நானும் இவனும் ஒண்டுதான்."

"ஒரு போனில ரெண்டு ஆளோ, அண்ணே?" என்று வின்சன்ட் தலையைச் சொறிந்தான். பிறகு போட்டான்.

அன்றைக்கு நான் மரிசலீனின் முகத்தைத்தான் பார்த்தேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய புதுப் போனைக் கையில் வைத்துக்கொண்டும் அவன் முகம் சுருங்கியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவனிடம் போன் இருக்கிறது, என் பெயர் உன் சட்டைப்பைக்குள் இருக்கிறது. யார் பெரியவன்?

அந்தச் சந்தோஷத்தில் ஒரு விஷயத்தை நாம் ஒருவருமே யோசிக்கவில்லை. நீ செத்தால் எனக்கு யார் சொல்வது?

"அப்பாவை முன்னறையில கிடத்தியிருக்கு, மாமா," என்று ரெஜினா பிறகு சொன்னாள். "அலுமாரிக்கு மேல அப்பாட போன் அடிக்குது. எடுத்துப் பாத்தன். 'சூசைப்பிள்ளை அவர்களுக்கு' எண்டு வந்திருக்கு. அழுதழுது விரலால தள்ளி விட்டிட்டன். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, மாமா."

பிள்ளையில் பிழை இல்லை. தகப்பன் கிடக்கும்போது எந்தப் பிள்ளை போனை வாசிக்கும்? ஆனால் அவள் தள்ளிவிட்டதும், சூசைப்பிள்ளை செய்தியைப் பார்த்துவிட்டார் என்று அங்கே சங்கத்தில் காட்டியிருக்கிறது. "உங்கட பேருக்குப் பக்கத்தில பச்சை விழுந்தது, அண்ணே," என்று வின்சன்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "அதாலதான் நான் கோல் எடுக்கேல்லை." என் நம்பர் அவனிடம் இருந்தது. மேரியின் நம்பர் இருந்தது. பச்சை விழுந்ததால் ஒருவரும் அழைக்கவில்லை. உன் சாவு உன் போனுக்கே வந்து, நீயே எனக்குச் சொல்ல வேண்டும் என்று காத்துக் கிடந்திருக்கிறது.

மரிசலீனிடமும் கேட்டேன். "உனக்கு வந்திருக்குமெண்டு நினைச்சன்," என்றான். நான் ஈச்சிலம்பற்றில் இருப்பது அவனுக்குத் தெரியும். பெட்டி தூக்கும் நேரம் இடப்பக்கம் வெறுமையாக இருந்தபோதாவது அவனுக்கு ஒரு யோசனை வந்திருக்காதா? உண்மையாகவே நினைத்தானா, நினைத்ததுபோல் இருந்தானா? நீ அங்கே கிடந்தாய். உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குச் சொல்ல உனக்கு வாய் இல்லை.

இதனாலேயே சங்கம் கூடியது. பாதர் மண்டபத்தைத் திறந்து கொடுத்தார். வின்சன்ட் எழுந்து இரண்டு வழி சொன்னான். ஒன்று, இருக்கிற செயலியைத் திருத்துவது. ஆனால் ஒவ்வொரு வகைப் போனுக்கும் அதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டுமாம், எனக்கிருப்பது போன்ற பழைய போன்களுக்கு அப்போதும் உறுதி சொல்ல முடியாதாம். மற்றது, செயலியை விட்டுவிட்டு இணையப் பக்கம் வைப்பது. சாதாரணக் குறுஞ்செய்தி வரும், அதில் ஓரிடத்தைத் தொட்டால் பக்கம் திறக்கும். போனுக்குள் எதையும் இறக்கத் தேவையில்லை.

மரிசலீன் எழுந்தான். நீ இருந்தால் அவன் அவ்வளவு கதைத்திருக்க மாட்டான்.

"ஆப் எண்டால் சத்தம் போட்டு ஆளை எழுப்பும்," என்றான். "கடலுக்குப் போற ஆக்கள் இருக்கினம். கவரேஜ் இல்லாட்டியும் ஆர் வீட்டில பந்தல் நிக்குது, கதிரை எங்க கிடக்குது எண்டு எல்லாம் போனுக்குள்ளயே கிடக்கும். உந்த இணையப் பக்கம் கவரேஜ் இல்லாட்டி வெறும் வெள்ளைக் கடதாசிதான்."

நியாயமான கதை. கடலுக்குப் போகிறவர்கள் தலையாட்டினார்கள். அவன் மடத்தனமாகக் கதைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதோடு இருந்திருக்கலாம். இருந்தானா? என் பக்கம் திரும்பி, குரலை இளக்கிக்கொண்டு, "சூசைக்குத்தானே இப்ப பிரச்சினை? அவன்ர பேரை என்ர போனில போடுங்கோ. அந்தோனி செய்ததை இனி நான் செய்யிறன்," என்றான்.

சனம் கை தட்டியது, மச்சான். நல்ல மனம், நல்ல மனம் என்றது.

எனக்குத் தலைக்குள் கொதித்தது. உன் கதிரை, உன் பெட்டி, உன் தயிர், இப்போது நானும். எழுந்து, "நான் செத்தாலும் இவன்ர போனுக்குள்ள போகமாட்டன்!" என்று கத்தினேன்.

மண்டபம் சிரித்தது. "செத்தால் எல்லாற்ற போனுக்குள்ளயும் போவாயடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். ஆனால் உட்காரவில்லை.

அப்போது பிலோமினா, அவளை உனக்குத் தெரியும், கிணற்றடி வீட்டுக்காரி, இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "சூசை அண்ணைக்கு மட்டுமோ? எங்கட வீட்டில பெரிய போன் ஒண்டுதான். அது அவரோட கடலுக்குப் போகுது. நான் ஆற்ற போனுக்குள்ள போறது?" அவளையும் தன் போனில் போடச் சொல்ல மரிசலீனுக்குத் துணிவு வரவில்லை. அவள் புருஷன் பக்கத்திலேயே இருந்தான்.

ரெஜினாதான் முடிவுக்குக் கொண்டுவந்தாள். "ரெண்டையும் சூசை மாமாவிட்டக் குடுப்பம். ஒருத்தரும் சொல்லிக் குடுக்கக் கூடாது. எதை அவர் தானாத் திறந்து கேக்கிறாரோ அதை எடுப்பம்."

செயலியைப் பார்க்க மரிசலீன் தன் போனைத் தர வேண்டியதாயிற்று. தந்தான். கண்ணாடிபோல் பளபளத்தது. திறந்தவுடன் அதில் நீ! நீயும் அவனும் தோளில் கை போட்டு, பின்னால் கப்பல். அந்தப் படம் எப்போது எடுத்தது, அந்தோனி? அன்றைக்கு நான் எங்கே இருந்தேன்? என்னோடு நீ எடுத்த படம் ஒன்றாவது இருக்கிறதா? இருந்ததையெல்லாம் அந்தச் செயலிக்கு இடம் வேண்டும் என்று நான்தானே அழித்தேன்.

எழுத்தை வாசித்துச் சொல்லும் குரலை வின்சன்ட் முடுக்கிவிட்டான். ஒரு பெண்ணின் குரல், இந்தியாத் தமிழ். நான் விரலை வைத்தேன். "பெயரில்லாத பொத்தான்," என்றது. நகர்த்தினேன். "பெயரில்லாத பொத்தான்." இன்னும் நகர்த்தினேன். அதே பொத்தான், அதே பெண். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. மரிசலீன் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

பிறகு என் பழைய போனில், வின்சன்ட் மாதிரிக்குச் செய்து வைத்திருந்த இணையப் பக்கம். குறுஞ்செய்தியைத் தொட்டேன், கீறல் விழுந்த கண்ணாடியிலும் பக்கம் திறந்தது. இதோடு மரிசலீன் தொலைந்தான் என்று நினைத்து விரலை வைத்தேன். "படம்," என்றது. "படம். பெயரில்லாத பொத்தான்."

இப்போது மரிசலீன் சிரித்தான்.

ரெஜினா எழுந்தாள். அவள் கோபப்படும்போது உன் மூக்கு அவளுக்கு வருகிறது. "எது எண்டாலும் பொத்தானுக்குப் பேர் வைக்கோணும், வின்சன்ட். பிள்ளையைப் பெத்துப் பேர் வைக்காமல் ஆரும் வளப்பினமோ?"

வின்சன்ட் வெட்கப்பட்டுப்போனான். செயலியில் பெயர் வைப்பதென்றால் இரண்டு வகைப் போனுக்கும் வைக்க வேண்டும், பிறகு அதை அனுப்ப வேண்டும், பிறகு ஒவ்வொருவரும் புதிதாக இறக்க வேண்டும் என்றான். பக்கம் என்றால் ஓரிடத்தில் மாற்றினால் எல்லாருக்கும் மாறிவிடும், இப்போதே மாற்றலாம் என்றான். மடிக்கணினியை எடுத்து மேடை விளிம்பில் இருந்து தட்டத் தொடங்கினான். பெண்கள் தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். குடித்த கோப்பைகளை அவர்கள் திரும்ப எடுக்கும்போது, "இப்ப பாருங்கோ, அண்ணே," என்றான்.

விரலை வைத்தேன். "செய்தியைக் கேட்க, பொத்தான்," என்றது. இரண்டு தரம் தட்டினேன்.

சங்கத்தில் கடைசியாக அனுப்பிய செய்தி எது என்று வின்சன்ட் நினைத்துப் பார்க்கவில்லை. நாங்களும் நினைக்கவில்லை.

"சூசைப்பிள்ளை அவர்களுக்கு. எமது சங்க உறுப்பினர் அந்தோனிப்பிள்ளை இன்று காலை காலமானார். நல்லடக்கம் நாளை பிற்பகல்."

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? அவளுக்கு நீ இன்று காலைதான் போனாய். நாளை பிற்பகல்தான் அடக்கம். இப்போதே எழுந்து ஓடினால் பஸ்ஸைப் பிடிக்கலாம், வந்து சேரலாம் என்றுதான் என் கால் நினைத்தது. நான் எழுந்தே விட்டேன். ரெஜினா வந்து என் தோளைப் பிடித்தாள். நான் அழுதேன், மச்சான். பஸ்ஸில் அழவில்லை, உன் வீட்டில் மரிசலீனுக்கு முன்னால் அழவில்லை. அந்த மண்டபத்தில், எல்லாருக்கும் முன்னால் அழுதேன். உன் சாவை எனக்கு அப்போதுதான் சொன்னார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். பக்கத்துக்குத்தான் எல்லாக் கையும் எழும்பியது. கடலுக்குப் போகிறவர்களுக்காகப் பந்தல், கதிரை விபரத்தைக் குறுஞ்செய்தியிலேயே சுருக்கி எழுதுவதாக வின்சன்ட் சொன்னான். மரிசலீனின் கை கடைசியாகத்தான் எழும்பியது. தூக்கிக்கொண்டே, "எண்டாலும் சத்தம் காணாது," என்றான்.

நான் எதற்காகக் கை தூக்கினேன் என்று உனக்கு மறைக்க ஏலாது. பக்கம் நல்லது என்பதற்காகவும்தான். அவனுடைய போனுக்குள் போகக் கூடாது என்பதற்காக அதைவிடக் கூட.

இன்னும் ஒன்று தீர்மானித்தார்கள். பச்சை விழுந்தாலும் விழாவிட்டாலும், செத்தவருக்கு நெருங்கினவர்களை ஒருவர் போனில் அழைத்து, அவர்கள் வாயால் ஓம், தெரியும் என்று சொல்லக் கேட்க வேண்டும். அந்த வேலையை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? எனக்கும் மரிசலீனுக்கும். அவன் நம்பரைப் பார்த்து அழுத்துவான், நான் கதைப்பேன். இனிப் பெட்டிக்கும் வலப்பக்கம் அவன் நிற்பானாம். பாதர் வைத்த ஏற்பாடு. அந்த மனிதர் சிரித்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நேற்று ரெஜினா உன் போனைக் கொண்டுவந்தாள். "மாமா, உங்கட பேரை அப்பாட போனில இருந்து எடுத்தால்தான் உங்கட போனுக்கு ஒழுங்கா வரும். எடுக்கட்டோ?"

நம் இருவர் பெயரும் சேர்ந்து கிடந்த கடைசி இடம் அது. மரிசலீன் போனில் நீ படமாக இருக்கிறாய். உன் போனில் நான் பெயராகவாவது இருந்தேன். அதையும் எடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

"எடு, பிள்ளை," என்றேன். அவள் எடுத்தாள்.

இப்போது எனக்கு ஒரே ஒரு கவலை. மரிசலீனுக்கு நெஞ்சுவலி வந்து போகிறது. அவன் முந்திவிட்டால், நான் வருவதற்குள் உனக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிடுவான். நான் முந்தினால், என் பெட்டியையும் தூக்கிவிட்டுத் தோள் நோகுது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். எப்படிப் பார்த்தாலும் அவனுக்குத்தான் லாபம். இதற்கு ஒரு வழி இருந்தால் அங்கே கேட்டு வை.

அதுவரைக்கும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவன் முந்தினால், செய்தி என்னுடைய போனுக்கு வரும். ஈச்சிலம்பற்றில் இருந்தாலும், மழை பெய்தாலும், பஸ் இல்லாவிட்டாலும் வருவேன். அவன் பெட்டியின் தலைப்பக்கம், என் இடத்தில் நிற்பேன். உனக்கென்று வைத்திருந்த தோளை அவனுக்குக் கொடுக்கப் போகிறேனே என்று நினைக்க இப்போதும் வயிறு எரிகிறது. ஆனாலும் கொடுப்பேன்.

பக்கத்தில் ஒரு கதிரையை வெறுமையாக விட்டு வைக்கும்படி உன்னைக் கேட்டுக்கொள்ளும்,
கூடப் பிறக்காத உன் மச்சான்,
சூசைப்பிள்ளை